அகரத்தில் நிற்பவையும் முடிந்துபோனவையும்

புனே நகரத்து டெக்கான் கல்லூரியில் ஓர் அறை முழுவதும் சொற்சீட்டுகள் நிறைந்திருக்கின்றன. ஏறத்தாழ ஒரு கோடிச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சமஸ்கிருதச் சொல், அது வரும் தொடர், நூலின் பெயர், இடக்குறிப்பு. இருக்கு வேதம் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான ஏறத்தாழ 1,500 நூல்களைப் படித்துச் சொற்களைக் கையால் எழுதிச் சேர்த்தவை அவை. 1948இல் எஸ். எம். கத்ரே என்னும் மொழியியலாளர் தொடங்கிய வரலாற்றுமுறை சமஸ்கிருதக் கலைக்களஞ்சிய அகராதித் திட்டத்தின் மூலப்பொருள் இதுதான். சீட்டு எழுதுவதற்கே ஏறத்தாழ 25 ஆண்டுகள் சென்றன. முதல் தொகுதி 1976இல் வந்தது. 2020களின் தொடக்கம் வரை வெளிவந்த தொகுதிகள் 35. பக்கங்கள் ஆறாயிரத்துக்கும் மேல். அத்தனை தொகுதிகளும் ஒரே எழுத்தைப் பற்றியவை: 'அ'.

இச்செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வேடிக்கைத் துணுக்காக வருவதுண்டு. முக்கால் நூற்றாண்டாகியும் முதல் எழுத்தைத் தாண்டாத அகராதி என்றால் சிரிப்பு வருவது இயல்பே. ஆயின் அகரத்தில் மாட்டிக்கொள்வது டெக்கான் கல்லூரியின் தனி விதி அன்று. இந்திய மொழிகளில் அறிவுத் தொகைநூல் செய்யப் புகுந்த ஏறத்தாழ அனைவரும் அந்த எழுத்தோடு மல்லுக்கு நின்றிருக்கின்றனர். சிலர் அதிலேயே வாழ்நாளைக் கழித்தனர். சிலர் அதை விரைந்து கடப்பதற்காக வேறு பலவற்றை விட்டுக்கொடுத்தனர்.

முதலில் அகரம் ஏன் அவ்வளவு பெரிது என்பதைப் பார்க்கவேண்டும். சமஸ்கிருதத்தில் எதிர்மறை சொல்லின் முன்னே ஒட்டுகிறது. நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம், பயம், அபயம், மரணத்தோடு தொடர்புடைய வேரிலிருந்து அமரர். எந்தப் பெயர்ச்சொல்லுக்கும் முன்னே ஓர் அகரத்தையோ 'அன்' என்பதையோ சேர்த்து மறுப்புச்சொல் ஆக்கிவிடலாம். ஆகவே அகராதிக்காரர் ககரத்திலும் தகரத்திலும் மகரத்திலும் காணவேண்டிய சொற்களின் நிழல்களையெல்லாம் அகரத்திலேயே ஒருமுறை சந்தித்துவிடுகிறார். இதுவும் போதாதென்று, மரபிலக்கணம் எண்ணும் 22 உபசர்க்கங்களில் ஏழு அகரத்தில் தொடங்குகின்றன. அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஐந்துதான் கிடைக்கும் என்பது வேறு சங்கடம்: அதி, அநு, அப, அபி, அவ. வல்லின வேறுபாடு காட்டாத நம் எழுத்தில் இரண்டு 'அதி'களும் இரண்டு 'அபி'களும் ஒன்றாகவே தோன்றும். போட்லிங்கும் ரோத்தும் தொகுத்த புகழ்பெற்ற பீட்டர்ஸ்பர்க் சமஸ்கிருத அகராதியின் ஏழு தொகுதிகளில் முதலாவது, 1855இல் நிறைவுற்றது, முழுக்க முழுக்க உயிரெழுத்துகளுக்கே போயிற்று. மோனியர் வில்லியம்ஸ் அகராதியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அகரம்தான்.

திராவிட மொழிகளில் மறுப்பு சொல்லின் பின்பகுதியில் வருகிறது. காணாத, அறியாமை, வாரா, இல்லை. தமிழ் அகராதிக்காரருக்கு 'அறியாமை' அறிவின் பக்கத்திலேயே இருக்கும். வேறு எழுத்துக்கு ஓடவேண்டியதில்லை. ஆனால் அறிவியலையும் தத்துவத்தையும் பேசப் புகுந்தபோது தெலுங்கும் கன்னடமும் வங்காளமும் மராத்தியும் ஒரே சமஸ்கிருதக் களஞ்சியத்திலிருந்தே கலைச்சொற்களை எடுத்துக்கொண்டன. எனவே அகரத்தின் சுமையும் அவற்றோடு கூடவே வந்து சேர்ந்தது.

டெக்கான் கல்லூரியின் வேகம் புரியவேண்டுமாயின் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். 'அக்ஷ' என்னும் சொல். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் சூதாடியின் புலம்பலில் அது சூதாட்டக் காய். வேதகாலத்துக் காய் தான்றிக்கொட்டையால் ஆனது என்பதால் சொல் தாவரவியலைத் தொடுகிறது. இன்னொரு பக்கம் அது வண்டியின் அச்சு. வானியல் நூலார் கையில் அது பூமிப்பரப்பில் ஓரிடத்தின் அகலாங்கைக் குறித்தது. பள்ளிப் பாடத்தில் 'அட்சரேகை' என்று படித்தவர் அனைவரும் அந்த அக்ஷத்தைத்தான் உச்சரித்திருக்கின்றனர். பலர் நினைப்பதுபோல் அதற்கும் 'அட்சரம்' என்னும் எழுத்துக்கும் தொடர்பில்லை. தொகைச்சொற்களின் ஈற்றில் வரும்போது அது கண்ணையும் குறிக்கும். உருத்திராட்சத்தில் இருப்பது அந்தக் கண். சூதாட்டம், தச்சு, வானியல், சமயம் ஆகிய நான்கு துறை நூல்களின் சீட்டுகளையும் மேசையில் பரப்பிக் காலவரிசைப்படுத்தி, எந்தப் பொருள் எப்போது எந்தப் பொருளிலிருந்து கிளைத்தது என்று முடிவு செய்யவேண்டும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு. 'அக்னி'க்கு இதனினும் கூடுதல்: வேள்வித்தீ, தெய்வம், உடலின் செரிமானத் தீ, தென்கிழக்குத் திசையின் காவலன், கணித நூல்களில் மூன்று என்னும் எண். ஒரு பகுதி பொதுஅறிவு முழுவதும் ஒரு சொல்லின் வயிற்றில் அடங்கிக் கிடக்கிறது. அகராதிக்குக் கலைக்களஞ்சியம் என்னும் அடைமொழி தரப்பட்டதன் நியாயமும் இங்கேதான் விளங்குகிறது.

இதே புனேயில்தான், இந்தத் திட்டம் தொடங்குவதற்கு இருபது ஆண்டு முன்னர், வேறொருவர் அகரம் முதல் ஈறு வரை ஒரு கலைக்களஞ்சியத்தை முடித்துக் காட்டினார். ஏறத்தாழ எட்டே ஆண்டுகளில் 23 தொகுதிகள். அவர் பெயர் ஸ்ரீதர் வெங்கடேஷ் கேத்கர்.

1884இல் பிறந்த கேத்கர் 1906இல் அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1911இல் முனைவர் பட்டம் பெற்றவர். இந்தியச் சாதியமைப்பின் வரலாறு குறித்து அங்கு அவர் எழுதிய நூல் 1909இலேயே அச்சாயிற்று. சமூகவியல் மாணவர்கள் இந்நூலை வேறொரு வாயில் வழியாக அறிந்திருக்கக்கூடும். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரை, சாதி பற்றிய நான்கு வரையறைகளை ஆராய்கிறது. செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி ஆகிய மூவரோடு நான்காமவர் கேத்கர். சாதியைத் தனித்த ஒன்றாகப் பார்க்காமல் அமைப்பின் உறுப்பாகப் பார்த்தார் என்பதற்காக அவரை மற்ற மூவரினும் மேலாக மதித்த அம்பேத்கர், அவர் இரண்டு தனிப் பண்புகளாகக் கூறிய பிறப்புவழி உறுப்புரிமையும் புறமணத் தடையும் உண்மையில் ஒரே நாணயத்தின் இரு முகங்களே என்று சுட்டி, அவ்விடத்தில் அவருடைய சிந்தனை சற்றுக் குழம்பியிருப்பதையும் காட்டினார்.

இத்தகைய ஆய்வாளர் ஆங்கிலத்திலேயே தொடர்ந்து எழுதியிருந்தால் அவருக்கு உலகெங்கும் வாசகர் இருந்திருப்பர். அவர் தேர்ந்துகொண்டதோ மராத்தியில் ஒரு கலைக்களஞ்சியம். அரசு உதவியோ பல்கலைக்கழகப் பதவியோ இல்லாத நிலையில் நாகபுரியில் ஞானகோச மண்டலம் என்னும் பங்கு நிறுவனத்தைத் தொடங்கினார். வணிகர்களிடமும் வழக்குரைஞர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் பங்குகளை விற்றார். இன்னும் எழுதப்படாத நூலுக்கு முன்பணம் செலுத்தும் உறுப்பினர்களை ஊர் ஊராகச் சென்று சேர்த்தார். பின்னர் அலுவலகம் புனேவுக்கு வந்தது. பங்குதாரருக்குக் கணக்குச் சொல்லவேண்டிய கலைக்களஞ்சியம் அது. குறித்த காலத்தில் தொகுதி வராவிட்டால் சந்தா நின்றுபோகும். சந்தா நின்றால் அச்சகம் நிற்கும். அந்த வேகத்துக்கு அறிவுத்தாகம் மட்டும் காரணமன்று, கடனும் காரணம்.

எழுத்துவரிசை விஷயத்தில் கேத்கர் செய்தது துணிச்சலானது. முதல் ஐந்து தொகுதிகளை அவர் அகரவரிசையில் அமைக்கவே இல்லை. அவை முன்னுரைத் தொகுதிகள்: இந்தியாவும் உலகமும், வேதக்கல்வி, புத்தருக்கு முந்தைய உலகம், புத்தருக்குப் பிந்தைய உலகம், அறிவியலின் வரலாறு. ஆறாம் தொகுதியில்தான் அகரம் தொடங்குகிறது. கலைக்களஞ்சியம் வாங்கியவர் ஐந்து தொகுதி தாண்டித்தான் எந்தச் சொல்லையும் தேடமுடியும். முனைவர் பட்ட ஆய்வேட்டின் முன்னுரையையே மூன்று ஆண்டுகள் எழுதுவோருக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கலாம். ஆனால் கேத்கரின் நோக்கம் வேறு. தனித்தனித் தகவல்களை எழுத்துவரிசையில் சிதறவிட்டால் வாசகர் அறிவார். ஆனால் தம்மை உலகத்தில் எங்கே வைத்துக்கொள்வது என்பதை அறியமாட்டார் என்பது அவர் எண்ணம். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் இந்தியா ஒரு பதிவு. கேத்கரின் ஞானகோசத்தில் உலகம் இந்தியாவிலிருந்து பார்க்கப்படுகிறது. எந்த இடத்தில் நின்று பொதுஅறிவு 'பொது' ஆகிறது என்னும் கேள்வியை அவர் நூலின் அமைப்பிலேயே எழுப்பிவிட்டார்.

அவர் நின்ற இடமும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. வேதக்கல்விக்கு ஒரு முழுத் தொகுதி. காலத்தைப் புத்தரை வைத்து இரண்டாகப் பிரித்த துணிவு ஒருபுறம் இருந்தாலும், உலகத்தைப் பார்க்கும் அந்தச் சன்னல் மகாராட்டிரத்து உயர்சாதிக் கல்வி மரபின் வீட்டிலிருந்தே திறக்கிறது. சாதியைப் பற்றி நூல் எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

இந்த 23 தொகுதிகளின் பின்னால் அட்டையில் பெயர் வராத உழைப்பும் உண்டு. ஜெர்மானிய யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஏடித் கோன் 1920இல் கேத்கரை மணந்து சீலாவதி கேத்கர் ஆனார். விண்டர்நிட்ஸின் இந்திய இலக்கிய வரலாற்றைப் புரட்டாத இந்தியவியல் மாணவர் இருக்கமுடியாது. 1927இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அதன் முதல் தொகுதியின் ஆங்கில வடிவத்தின் முகப்பில் மொழிபெயர்ப்பாளராகத் 'திருமதி எஸ். கேத்கர்' என்றிருக்கும். தலைமுறை தலைமுறையாக மேற்கோள் காட்டப்பட்ட அந்நூலில் அவர் முழுப்பெயரைத் தேடிப் பார்த்தவர் குறைவு. ஞானகோசத்தின் தேவைக்காகக் கணவருக்கென்று செய்த மொழிபெயர்ப்பே அவ்வாறு நூலாயிற்று. மராத்தியில் ஒரு பதிவு எழுதுவதற்காக ஜெர்மன் நூல் ஒன்று லண்டன் வழியே வந்த ஒரு பெண்ணால் ஆங்கிலமாகி, மராத்தி ஞானகோசம் மறக்கப்பட்ட வட்டாரங்களிலும் இன்றுவரை நிலைத்து நிற்கிறது. பிற்காலத்தில் சீலாவதி மராத்தியில் தம் நினைவுகளையும் எழுதினார். 'நானே இதைச் சொல்லியாக வேண்டும்' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு.

கேத்கர் 1937இல் மறைந்தார். வறுமையில்தான். ஞானகோசம் அவருக்குப் பொருள் தரவில்லை, பெயரைத் தந்தது. மராத்தியர் இன்றும் அவரை 'ஞானகோசகார் கேத்கர்' என்றே குறிப்பிடுகின்றனர்.

விரைந்து முடித்ததற்கு அவர் கொடுத்த விலையையும் பேசவேண்டும். ஞானகோசம் அச்சேறிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே, 1924 செப்டம்பரில், ஜான் மார்ஷல் லண்டன் வார இதழொன்றில் ஹரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுகளை உலகுக்கு அறிவித்தார். அதற்கு முந்தைய மாதம் அச்சுக் கோத்த எந்த இந்தியப் பழவரலாறும் அடுத்த மாதமே பழையதாயிற்று. கலைக்களஞ்சியம் செய்வோர் அனைவருக்கும் வாய்க்கும் துன்பம் இது; ஆனால் தொகுதி தொகுதியாக வெளியிடுவோருக்கு அது இரட்டிப்பு. அச்சாகிவிட்ட எழுத்துக்குத் திரும்பிப்போக முடியாது. கலைச்சொல் மாறினாலும் இதே இடர்தான். தமிழில் ஒரே வளிக்குப் பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் என்று மூன்று பெயர்கள். பகரத்திலா, உகரத்திலா, ஆகாரத்திலா அதைப் பதிவது? ஆகாரத் தொகுதி வெளிவந்த பின்னர்க் கலைச்சொற்குழு 'உயிர்வளி'க்கு மாறினால் உகரத்தில் ஒரு சுட்டு மட்டும் போட்டு, வாசகரைப் பின்னோக்கி அனுப்பவேண்டும். எழுத்துவரிசையை நடுநிலையான ஒழுங்கு என்பர். நிலைபெற்ற கலைச்சொற்கள் உள்ள மொழிக்கே அது நடுநிலை. சொற்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் மொழியில் அது நகரும் தரையில் கட்டிய வீடு.

அகரம் ஒருவரை எப்படி விழுங்கும் என்பதற்குத் துயரமான சான்று தெலுங்கில் உண்டு. கொமர்ராஜு வெங்கட லட்சுமணராவ் 1877இல் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்து, தமக்கை பண்டாரு அச்சமாம்பாவின் நாகபுரி வீட்டில் தங்கிப் படித்தவர். தம்பி பாடம் படிக்கையில் உடனிருந்து எழுத்தறிந்தவர் அந்தத் தமக்கை. பின்னாளில் தெலுங்கின் தொடக்ககாலச் சிறுகதை ஆசிரியராகவும் பெண்களின் வரலாற்றைத் தொகுத்தவராகவும் புகழ்பெற்று, முப்பது வயதளவிலேயே மறைந்தார். லட்சுமணராவ் முனகாலா சமஸ்தானத்தில் திவானாக இருந்துகொண்டே 1906இல் விஞ்ஞான சந்திரிகா மண்டலியை நிறுவினார். வரலாறு, இயற்பியல், உயிரியல், வாழ்க்கை வரலாறு எனத் தெலுங்கில் எளிய உரைநடை நூல்களை வெளியிட்ட அமைப்பு அது; முதல் நூல் ஆபிரகாம் லிங்கனைப் பற்றியது. மண்டலி பின்னர்ச் சென்னைக்கு வந்தது. இங்கிருந்துதான் அவர் ஆந்திர விஞ்ஞான சர்வஸ்வம் என்னும் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்.

மூன்று தொகுதிகள் வந்தன. அகரவரிசையின் தொடக்கத்தையே அவை கடக்கவில்லை. பதிவுகள் பலவற்றை அவரே எழுதினார். ஒவ்வொன்றையும் முழுநூல்போல் எழுதினார். கேத்கரைப்போல் பங்குதாரருக்கு அஞ்சவேண்டியவராக அவர் இல்லை. அதுவே ஒருவகையில் பகையாயிற்றோ என்னவோ. 1923 சூலையில் சென்னையில் அவர் மறைந்தபோது வயது 46. பின்னர் 'ஆந்திர பத்திரிகா' காசிநாதுனி நாகேஸ்வரராவ் அப்பணியை மீட்டெடுக்க முயன்றார். அமிர்தாஞ்சன் தைலத்தை நிறுவியவரும் இவரே. தலைவலித் தைலத்தில் வந்த பணம் கலைக்களஞ்சியத்துக்குப் போயிற்று. ஆயினும் 1938இல் அவரும் மறைந்தார். நூல் தான் தொடங்கிய இடத்தைச் சுற்றியே நின்றது.

வங்காளத்தில் பணம் முடங்கவில்லை, ஆளும் இருந்தார். நகேந்திரநாத் பாசு இருபதுகளின் தொடக்கத்திலேயே பிறர் தொடங்கிய 'விசுவகோச'த்தைக் கையேற்று 1911க்குள் 22 தொகுதிகளாக முடித்தார். பிறகு இந்தியிலும் ஒரு விசுவகோசம் செய்தார். வடகல்கத்தாவின் பாக்பஜாரில் அவர் பணிசெய்த தெருவுக்கே விசுவகோசச் சந்து என்று பெயர். வங்காளிகளுக்கு இத்துறையில் இன்னும் பழைய முன்னோடிகள் உண்டு. செராம்பூர் வில்லியம் கேரியின் மகன் ஃபீலிக்ஸ் கேரி, பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தின் உடற்கூற்றியல் பகுதியை 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் வங்காளியில் கொண்டுவந்து, 1822இல் இறந்துபோனார். அவர் எழுத்துவரிசைக்குள்ளேயே போகவில்லை. துறைவாரியாகச் செய்ய எண்ணியவர், முதல் துறையோடு நின்றார். அகரம் இல்லாவிட்டாலும் உடற்கூறு இருக்கிறது.

முடித்தவர்கள் நிலையே வென்ற நிலை என்று எண்ணவும் வழியில்லை. கட்டாக் நகர வழக்குரைஞர் கோபால சந்திர பிரகராஜ் 1931 முதல் 1940 வரை வெளியிட்ட 'பூர்ணசந்திர ஒடியா பாஷாகோசம்' ஏழு தொகுதிகள், ஏறத்தாழ 9,500 பக்கங்கள், 1,85,000 சொற்கள். பெயரளவில் அகராதி, உள்ளே மரம், மீன், ஊர், அரசர், கோள், சடங்கு எல்லாம் பற்றிய பதிவுகள் உண்டு. ஒடியாச் சொல்லுக்கு ஒடியாவில் மட்டுமன்றி வங்காளி, இந்தி, ஆங்கிலத்திலும் பொருள் தருவது அது. பிரகராஜின் தனித்தன்மை ஏட்டுச்சொல்லோடு நில்லாமல் வயல், சந்தை, அடுக்களை வழக்குகளைத் தேடிப் போனதில் இருக்கிறது. வழக்குரைஞர் என்பதால் சாட்சிகளின் பேச்சைக் கேட்டுப் பழகிய காது அது. கற்றோர் சிலருக்கு அதுவே குறையாகத் தோன்றியது. அச்சிடத் தகாத கொச்சையை அகராதியில் ஏற்றினார் என்றனர். அகராதியியல் இன்று முதல் பாடமாகச் சொல்லும் ஒன்றுக்காக அவர் பழி சுமந்தார். 1945இல் அவர் மறைந்தபின் அச்சிட்ட படிகள் பலவும் கவனிப்பாரின்றிப் போயின. புவனேசுவரத்தின் சிருஜனிகா அமைப்பு இந்நூற்றாண்டில் எஞ்சிய படிகளைக் கொண்டு மின்வடிவம் செய்தபிறகே அது மறுபடி எளிதில் கைக்கு வந்தது.

குஜராத்தில் கோண்டல் அரசர் பகவத்சிங் தாமே நேரில் சொற்சேகரித்துத் தொடங்கிய 'பகவத்கோமண்டல்' 1944 முதல் 1955 வரை ஒன்பது தொகுதிகளாக வந்தது. எடின்பரோவில் மருத்துவம் படித்த அரசர் அவர். சொற்கள் 2.81 லட்சம். அரசாங்கக் கருவூலமே பின்னால் இருந்ததால் அதன் கதையில் நெருக்கடி குறைவு. ஆனால் அரசர் 1944இலேயே மறைந்தார், நிறைவைப் பார்க்கவில்லை.

தமிழுக்கு வந்தால், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்' பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1963 வரை ஒன்பது தொகுதிகளும் 1968இல் ஓர் இணைப்புத் தொகுதியுமாக நிறைவுற்றது. இதன் வரலாறு தமிழ் வாசகர் அறிந்ததே. இங்கே கவனிக்கத்தக்கது அந்தப் பத்தாம் தொகுதி. ஒன்பதை முடித்தபின், முதல் தொகுதிகள் வந்த காலத்துக்குப் பின் மாறியவற்றைச் சேர்க்கவே ஒரு தொகுதி தேவைப்பட்டது. அந்த இடைவெளியில்தான் ஸ்புட்னிக் பறந்தது. அந்த இடைவெளியில்தான் மொழிவாரி மாநிலங்கள் அமைந்து வரைபடமே மாறியது. 1954இல் அச்சேறிய இந்திய நிலப்படத்தின் எல்லைகள் 1956 நவம்பரில் செல்லாதவை ஆயின. முடித்தவர்களும் திரும்ப அகரத்துக்கு வரவேண்டியிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட தொகுதி அது.

இவற்றை அருகருகே வைக்கும்போது டெக்கான் கல்லூரியைக் கேத்கரை வைத்து இகழ்வதும், கேத்கரை டெக்கான் கல்லூரியை வைத்து மேலோட்டமானவர் என்பதும் பொருந்தாதவை என்று தெரிகிறது. கேத்கர் எழுதியது தம் காலத்து மராத்தி வாசகருக்கு. அவருக்கு இன்று தேவைப்படுவது இன்றே வேண்டும். இருபதாண்டு கழித்து வரும் சரியான பதிவினும் இந்த ஆண்டு வரும் குறையுள்ள பதிவு அவருக்குப் பயன்படும். டெக்கான் கல்லூரி அகராதிக்கு அத்தகைய வாசகர் இல்லை. சூதாடியின் காய் எப்படி அட்சரேகை ஆயிற்று என்று கேட்பவர் எந்த நூற்றாண்டிலும் சிலரே. ஆனால் அந்தச் சிலருக்கு விரைவு உதவாது. ஒரு சீட்டை விட்டுவிட்டால் ஒரு பொருளின் பிறந்த நூற்றாண்டே தவறிவிடும்.

குறை சொல்லவேண்டிய இடம் வேறு. மாணவர்கள் சேர்ந்து கற்ற மொழியியலாளர் பலர் ஓய்வுபெற்றுச் செல்ல, அவ்விடங்களில் சமஸ்கிருதமும் அகராதியியலும் ஒருங்கே அறிந்தவரை நிரப்புவது அரிதாகிவிட்டது. ஒரு பதிப்பாசிரியர் உருவாகப் பத்தாண்டு ஆகும் பணிக்கு, மூன்றாண்டுத் திட்டங்களாகப் பணம் ஒதுக்கும் கல்விமுறை ஈடுகொடுக்காது. கேத்கர் காலத்தில் பங்குதாரர் கணக்குக் கேட்டனர்; இன்று ஆண்டறிக்கை கேட்கிறது. பங்குதாரராவது நூலை வாங்கி வீட்டில் அடுக்கினர்.

ஞானகோசமும் ஒடியா பாஷாகோசமும் இப்போது இணையத்தில் தேடிப் படிக்கக் கிடைக்கின்றன. தேடுபெட்டியில் சொல்லைத் தட்டச்சு செய்பவருக்கு அது ஆறாம் தொகுதியா இருபதாம் தொகுதியா என்பது தெரியவேண்டியதில்லை, அகரவரிசையே அங்கில்லை. கேத்கர் வாசகரைக் கட்டாயப்படுத்தி நடத்திச் செல்ல விரும்பிய அந்த ஐந்து முன்னுரைத் தொகுதிகளையும் தேடுபெட்டி ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது.

புனேயில் சீட்டுகள் இன்னும் இழுப்பறைகளில் இருக்கின்றன. அகரம் முடிந்தால் பதிப்பாசிரியரின் மேசைக்கு அடுத்து வரவிருப்பது 'ஆ'. அதுவும் ஓர் உபசர்க்கம். 'வரை' என்பது அதன் பொருள்களுள் ஒன்று. அதில் பிறந்த தொடர்களுள் செப்பேடுகளில் நிலக்கொடையின் இறுதியில் வழக்கமாகப் பொறிக்கப்படும் 'ஆசந்திரார்க்கம்' என்பதும் உண்டு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று அதற்குப் பொருள்.